அமரோனேயா, ரிபாஸோவா, ஸ்ஃபுர்சாத்தா? திராட்சையை வாடவைத்துச் செய்யும் இத்தாலியச் சிவப்பு ஒயின்களில் எதை, எதற்கு வாங்குவது

கடையில் ஒரே தட்டில் நிற்கும் ஐந்து இத்தாலியச் சிவப்பு ஒயின்கள். ஐந்திலும் ‘அப்பாஸிமென்டோ’ என்ற சொல் லேபிளிலோ விற்பவர் வாயிலோ வந்துவிடும். ஒன்று 9 யூரோ, இன்னொன்று 16, மற்றொன்று 45. அரை பாட்டிலே 30 யூரோ என்று ஒன்று. நிறம் எல்லாவற்றிலும் அடர்சிவப்புதான். ஆனால் ஒன்றை இறைச்சியோடு குடிக்கலாம், ஒன்றை இனிப்போடுதான் குடிக்க முடியும், ஒன்றை வாங்காமலே விட்டிருக்கலாம். வித்தியாசத்தை அறிய இரண்டு கேள்விகள் போதும்: வாடிய திராட்சை ஒயினுக்குள் எந்த வழியாக வந்தது? நொதித்து முடிந்தபின் எவ்வளவு சர்க்கரை மிஞ்சியது? விலை, ஆல்கஹால், எதோடு பொருந்தும், எத்தனை ஆண்டு தாங்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் பின்னால் வருபவை.

முதலில் செய்முறை. அப்பாஸிமென்டோ என்றால் பறித்த குலைகளை ஒயினாக்கும் முன் வாடவைப்பது. நாம் வற்றல் போடுகிற மாதிரி வெயிலில் காயப்போடுவதல்ல. வடஇத்தாலியில் இது நிழல் வேலை, குளிர்கால வேலை. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ பறித்த குலைகளை, பழம் ஒன்றையொன்று நசுக்காதபடி ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமுள்ள மாடியறைகளில் மூன்று, நான்கு மாதம் வைப்பார்கள். வெரோனா பக்கத்தில் அந்த அறைக்கு ‘ஃப்ருத்தாயோ’ என்று பெயர். முன்பு மூங்கிலிலும் நாணலிலும் பின்னிய ‘அரேலே’ தட்டிகளில் பரப்பினார்கள். இன்று பெரும்பாலும் ஐந்தாறு கிலோ கொள்ளும் ஆழமில்லாத பிளாஸ்டிக் கிரேட்டுகள். தட்டி அழகுதான், ஆனால் கிரேட்டைக் கழுவிக் காயவைக்க முடியும். பூஞ்சணத்தோடு போராடுகிற இடத்தில் அதுவே பெரிய லாபம்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ கொர்வீனா திராட்சையில் சர்க்கரை 19 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு நாளில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போய், மிஞ்சுவது சுமார் 65 கிலோ. பழம் மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பதால் சர்க்கரையிலும் கொஞ்சம் செலவாகும். 18 கிலோவுக்குச் சற்று மேல் தங்கும். அதாவது 19 விழுக்காடு 28 விழுக்காடாக ஏறுகிறது. ஈஸ்ட் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரையைத் தின்றால் 1 விழுக்காடு ஆல்கஹால் வரும். அந்தச் சாறு முழுவதும் நொதித்தால் 16 விழுக்காட்டைத் தொடும். பாதியில் நின்றால் சர்க்கரை தங்கி இனிக்கும். இனிக்காத அமரோனேயும் இனிக்கும் ரெச்சோட்டோவும் இந்த ஒரே கிளையில் பிரிந்தவை.

பழத்தில் நடப்பது தண்ணீர் குறைவது மட்டுமல்ல. வாடும்போது புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைப் பழமே எரித்துவிடுகிறது. அதனால் சர்க்கரை ஏறிய அளவுக்குப் புளிப்பு ஏறாது. கிளிசரின் கூடுகிறது, நாக்கில் வழுவழுப்பு வருகிறது. நீரில்லாத நெருக்கடியில் தோலில் புதிய சேர்மங்கள் உருவாகின்றன. செர்ரி மணம் உலர்ந்த செர்ரியாகவும், பிறகு அத்திப்பழம், கொக்கோ, புகையிலை என்றும் மாறுகிறது. இதற்கெல்லாம் காலம் வேண்டும். சூடான காற்றை ஊதி மூன்று வாரத்தில் அதே எடையை இறக்கினால் செறிவு கிடைக்கும், இந்த மாற்றம் கிடைக்காது; ஜாம் சுவைதான் மிஞ்சும். அமரோனேயின் ஊரான வால்போலிச்செல்லாவில் விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இயற்கையாக வாடுகிற நிலைமையை விட்டு விலகக் கூடாது, டிசம்பர் 1-க்கு முன் பழத்தை நசுக்கக் கூடாது என்பது பொது விதி.

அமரோனே: எதற்காக அந்த விலை

வெரோனாவுக்கு வடக்கே, கார்தா ஏரிக்குக் கிழக்கே விரியும் மலைச்சரிவுகள்தான் வால்போலிச்செல்லா. பழைய மையப் பகுதியான நெக்ரார், மரானோ, ஃபுமானே, சான்த் அம்ப்ரோஜோ, சான் பியெத்ரோ இன் கரியானோ ஆகிய ஐந்து ஊர்களின் ஒயினுக்கு மட்டும் ‘கிளாஸிகோ’ என்று போடலாம். பழங்களில் தலைமை கொர்வீனாவும் கொர்வினோனேயும். இரண்டும் சேர்ந்து 45 முதல் 95 விழுக்காடு. ரொந்தினெல்லா 5 முதல் 30. நோய் தாங்குவதிலும் கெடாமல் வாடுவதிலும் ரொந்தினெல்லாவை மிஞ்ச ஆளில்லை. மணம் தருவது கொர்வீனா. மொலினாரா ஒருகாலத்தில் கட்டாயமாக இருந்தது. நிறம் வெளிறியது என்பதால் இப்போது விருப்பம் மட்டுமே.

விலையின் காரணம் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. சாதாரண வால்போலிச்செல்லாவுக்கு 100 கிலோ பழத்திலிருந்து 70 லிட்டர் ஒயின் எடுக்கலாம்: ஏறக்குறைய 93 பாட்டில். அதே 100 கிலோவிலிருந்து அமரோனே 40 லிட்டர்தான்: 53 பாட்டில். ஒரு பாட்டிலுக்கு இரண்டு கிலோ பழம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் எந்தக் குலையையும் எடுத்துவிட முடியாது. நெருக்கமாகக் காய்த்த குலை உள்ளே காற்றுப் போகாமல் அழுகும் என்பதால் தளர்ந்த, காயம்படாத குலைகளை மட்டும் கையால் பொறுக்குகிறார்கள். மூன்று மாதம் அறை, ஆள், தினமும் பார்த்து அழுகியதை எடுத்துப்போடும் வேலை. பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்வு, அறுவடைக்கு அடுத்த ஜனவரி 1 முதல் எண்ணி. ‘ரிசெர்வா’ என்றால் அறுவடை ஆண்டு நவம்பர் 1 முதல் நான்கு ஆண்டு. ஐரோப்பியப் பல்பொருள் அங்காடிகளில் 17, 18 யூரோவுக்கு அமரோனே கிடைக்கிறதே என்று கேட்டால், மேலே சொன்ன செலவுகளில் எதை வெட்டியிருப்பார்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் சமவெளித் தோட்டத்துப் பழம், குறைந்த நாள் வாட்டம், சற்றே கூடுதலாக விட்ட சர்க்கரை. குடிக்க முடியாதது என்று சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல ரிபாஸோ (அடுத்த பகுதியில் வருகிறது) கிடைக்கும்போது அதை வாங்குவது பெயருக்குக் கொடுக்கும் காசு.

அமரோனே என்றால் ‘பெருங்கசப்பு’. அது ஒரு தோல்வியில் பிறந்த ஒயின். இந்த மலைகளின் பழைய ஒயின் இனிப்பான ரெச்சோட்டோதான். 6-ஆம் நூற்றாண்டில் அரசவை அமைச்சர் கசியோதோரஸ் அரச விருந்துக்காக வெரோனாப் பக்கத்திலிருந்து ‘அசினாட்டிகும்’ என்ற வாடிய திராட்சை ஒயினை வரவழைக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ரெச்சோட்டோ பீப்பாயை மறந்து விட்டுவிட்டால் ஈஸ்ட் மிச்சச் சர்க்கரையையும் தின்றுவிடும், இனிப்புப் போய்விடும். 1936-இல் நெக்ராரின் கூட்டுறவுக் கிடங்கில் அப்படி ஒரு பீப்பாயைச் சுவைத்தவர் ‘இது கசப்பல்ல, பெருங்கசப்பு’ என்று வியந்ததாகத்தான் பெயர்க் கதை சொல்கிறார்கள். தனிப் பொருளாக அது சந்தையில் நிலைத்தது 1950-களில்தான். இத்தாலிய ஒயின் சட்டத்தின் உச்சத் தகுதியான டி.ஓ.சி.ஜி. கிடைத்தது 2010-இல்.

வாங்குபவருக்கு அதைவிட முக்கியம், அமரோனேக்குள்ளேயே இருக்கும் இரண்டு மரபுகள். பெரிய, பழைய ஸ்லவோனிய ஓக் பீப்பாய்களில் பல ஆண்டு வைப்பது ஒன்று. தயாரிப்பாளர்களில் பெர்தானியும் குயின்தாரெல்லியும் அந்த வழி. நிறம் சற்று மங்கலாக, செங்கல் சாயலோடு இருக்கும். மணம் உலர்பழம், மூலிகை, தோல் பக்கம் போகும். புதிய சிறு பீப்பாயில் வைப்பது மற்றொன்று. தால் ஃபோர்னோ அதன் எல்லை. மைபோன்ற கருமை, சாக்லேட், வனிலா. முதல் வகையை எதிர்பார்த்து இரண்டாவதைத் திறந்தவருக்கு அமரோனேயே பிடிக்காமல் போய்விடுகிறது. லேபிளின் பின்புறத்தில் எந்தப் பீப்பாய், எத்தனை மாதம் என்று எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எங்கே கெடும்? முதல் எதிரி சாம்பல் பூஞ்சணமான போட்ரைடிஸ். ஈரமான அக்டோபரில் பனிமூட்டம் அறைக்குள் நுழைந்தால் ஒரு வாரத்தில் பரவும். கொஞ்சமாக, தோலை மட்டும் தொட்டுக் காய்ந்தால் தேன் மணமும் வழுவழுப்பும் தரும். இனிப்பான ரெச்சோட்டோவில் சிலர் அதை விரும்பி விடுவதுண்டு. மிஞ்சினால் அதன் நொதிகள் நிறத்தைப் பழுப்பாக்கிவிடும், காளான் நாற்றம் வரும். இரண்டாவது, நொதித்தல். டிசம்பர், ஜனவரிக் குளிரில் அத்தனை சர்க்கரையோடு ஈஸ்ட் தடுமாறும். 30 முதல் 50 நாள்வரை இழுக்கும். பாதியில் நின்ற தொட்டியில் பாக்டீரியா புகுந்தால் காடி வாடை, நகப்பூச்சு வாடை. அமரோனேயில் அந்த வாடை மெலிதாக இருப்பதை மரபுக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள், நாங்களும்கூட. மூக்கைக் குத்தினால் அது குறைதான். மூன்றாவது, 16.5 விழுக்காடு ஆல்கஹாலைத் தாங்கப் புளிப்பு இல்லாமை. முதல் வாய் பிரமாதமாக இருக்கும், இரண்டாவது கிளாஸ் இறங்காது. 2014 போன்ற மழை ஆண்டில் பேர்பெற்ற பலர் அமரோனேயே செய்யாமல் விட்டார்கள். அந்த ஆண்டு எண் உள்ள பாட்டிலைக் கழிவு விலைக்குக் கண்டால் யார் செய்தது என்று பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

ரிபாஸோ: அண்டை வீட்டு வாசம்

ரிபாஸோவில் வாடிய பழத்தின் சாறு பெரும்பாலும் இல்லை. அதன் சக்கை மட்டுமே. அக்டோபரில் புதுப் பழத்தில் செய்த வால்போலிச்செல்லா ஒயின் காத்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் அமரோனேயோ ரெச்சோட்டோவோ வடித்தெடுத்ததும், தொட்டியில் மிஞ்சிய தோலின்மேல் அந்த ஒயினை ஊற்றுவார்கள். தோலில் ஒட்டிய சர்க்கரையும் உயிரோடிருக்கும் ஈஸ்ட்டும் மறுபடி நொதிக்கத் தொடங்கும். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை. ஆல்கஹால் ஒரு விழுக்காடு அளவுக்கு ஏறும். நிறம், துவர்ப்பு, உலர்பழ மணம் சேரும். இட்டலிக்கு ஊற்றிய சாம்பார்போல் உள்ளே ஊறுவதுதான், கலப்பதல்ல.

இந்த வழியை நவீன வடிவில் சந்தைக்குக் கொண்டுவந்தது மாஸி நிறுவனம், 1964 அறுவடையின் ‘கம்போஃபியோரின்’ என்ற ஒயின் மூலம். 2010-இல் ரிபாஸோவுக்குத் தனிச் சட்டத் தகுதி வந்தது. ஒரு பங்கு அமரோனேயின் சக்கையில் இரண்டு பங்குக்குமேல் ரிபாஸோ எடுக்கக் கூடாது என்பது விதி. காரணம் எளிது: ஒரே தேயிலையில் நாலாவது தடவை போட்ட டீ எப்படி இருக்குமோ அப்படியாகிவிடும்.

ரிபாஸோ கெடுவது சக்கையால்தான். அமரோனேயை இறுக்கிப் பிழிந்துவிட்டுச் சக்கையைக் கொடுத்தால் அதில் சர்க்கரை இருக்காது, கொட்டையின் கசப்பும் காய்ந்த துவர்ப்பும்தான் ஏறும். ஒட்டப் பிழியாமல், ஈரம் இருக்கும்போதே கொடுக்கிற தயாரிப்பாளரின் ரிபாஸோ எப்போதும் மேல். ஆகவே ஒரு எளிய வழி: அமரோனே நன்றாகச் செய்பவரின் ரிபாஸோவை வாங்குங்கள். சக்கை அவருடைய சொந்தத் தொட்டியிலிருந்து வந்தது. இந்தச் சக்கைச் சிக்கலே வேண்டாம் என்று வேறு வழியில் போனவர்களும் உண்டு. அல்லெக்ரினி நிறுவனத்தின் பலாஸ்ஸோ தெல்லா தோர்ரே ஒயினில் சக்கைக்குப் பதில் வாடவைத்த முழுப் பழத்தையே புது ஒயினில் சேர்த்து மீண்டும் நொதிக்கவைக்கிறார்கள். அது ரிபாஸோ என்ற பெயரில் வராது, ஆனால் அதே தட்டில் ஒப்பிட வேண்டிய பொருள்.

அமரோனேயா ரிபாஸோவா என்பதுதான் பலருடைய உண்மையான கேள்வி. எங்கள் பதில் பெரும்பாலும் ரிபாஸோ. நாலு பேர், சாப்பாடு, இரண்டு மணிநேரம்: அந்த மேசைக்கு 13.5 விழுக்காடு போதும். விலை 12 முதல் 20 யூரோ. அமரோனே 35-இல் தொடங்கி எங்கேயும் போகும். அமரோனேயின் ஒரு பாட்டிலில் 16 விழுக்காடு என்றால் 120 மில்லி தூய ஆல்கஹால், 12.5 விழுக்காட்டுச் சாதாரண ஒயினில் 94. முழு கிளாஸாக ஊற்றிக் குடித்தால் சாப்பாட்டின் பாதியிலேயே தலை கனக்கும். அமரோனே சாப்பாட்டின் பிற்பகுதிக்கு, 100 மில்லியாக, மெதுவாகக் குடிக்க வேண்டியது. அப்படிக் குடிக்க நேரமும் மனமும் உள்ள இரவுக்கு அதை வாங்குங்கள். பரிசாகக் கொடுக்கவும், பத்தாண்டு எடுத்துவைக்கவும் அமரோனேதான்; ரிபாஸோ ஐந்து முதல் எட்டு ஆண்டுக்குமேல் பெரிதாக வளராது.

ஸ்ஃபுர்சாத்: இனிக்காத வாட்டம்

அமரோனேயின் அந்த உருண்ட, கொழுத்த வாய்ச்சுவை பிடிக்காதவர்கள் வெரோனாவை விட்டு மேற்கே, லொம்பார்தியின் சொந்த்ரியோ மாவட்டத்திலுள்ள வால்தெல்லீனாப் பள்ளத்தாக்குக்குப் போகலாம். சுவிஸ் எல்லையை ஒட்டி, அத்தா ஆற்றின் வடகரையில், தெற்கு வெயிலைப் பார்த்து நிற்கும் செங்குத்துச் சரிவுகளில் கற்சுவர்ப் படிக்கட்டுத் தோட்டங்கள். அங்கே நெபியோலோ திராட்சைக்கு ‘கியாவென்னாஸ்கா’ என்று உள்ளூர்ப் பெயர். புகழ்பெற்ற பரோலோ ஒயினைச் செய்யும் அதே பழம்தான். அதை வாடவைத்துச் செய்வது ஸ்ஃபோர்சாட்டோ தி வால்தெல்லீனா. உள்ளூர் நாக்கில் ஸ்ஃபுர்சாத். 2003 முதல் டி.ஓ.சி.ஜி. குறைந்தது 90 விழுக்காடு நெபியோலோ, 14 விழுக்காடு ஆல்கஹால், 20 மாத முதிர்வு, அதில் 12 மாதம் மரத்தில்.

நெபியோலோவின் தோல் மெல்லியது, நிறம் குறைவு, புளிப்பும் துவர்ப்பும் அதிகம். வாடவைத்தாலும் அந்தப் புளிப்பு நிமிர்ந்தே நிற்கிறது. அதனால் அதே 15 விழுக்காடு அமரோனேயைவிட லேசாகத் தெரியும். மணம் உலர்ந்த ரோஜா, ஆரஞ்சுத் தோல், தார். இனிப்பு நாக்கில் ஏறக்குறைய இல்லை. துவர்ப்பு ஈறைப் பிடிக்கும். ஐந்து ஆண்டு பொறுத்தால் அடங்கும். எங்கள் கணிப்பில் விலைக்கு ஏற்ற மதிப்பு அதிகம் கிடைப்பது இதில்தான்: பேர்பெற்ற தயாரிப்பாளர் நீனோ நெக்ரியின் ஸ்ஃபுர்சாத்கூட அமரோனே உச்சியில் நிற்பவர்களின் விலையைத் தொடுவதில்லை. கிடைப்பதுதான் கடினம். சுவிட்சர்லாந்து, வட இத்தாலியைத் தாண்டினால் கடைக்காரரிடம் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். ‘வால்தெல்லீனா சுப்பீரியோரே’ என்று மட்டும் போட்டிருந்தால் அது வாடாத பழத்தின் ஒயின். சஸெல்லா, இன்ஃபெர்னோ, க்ருமெல்லோ என்ற பெயர்களும் அந்த வகைதான். குழப்பிக்கொண்டு வாங்குபவர்கள் உண்டு.

இதன் குறை வேறு மாதிரி. பழம் முழுதாகப் பழுக்காமலே வாடப் போட்டிருந்தால் பச்சைத் துவர்ப்பு செறிந்துவிடும். முதிர்வு அதை முழுக்கத் தீர்க்காது.

இனிப்பு வேண்டுமென்றால்

உணவுக்குப் பிறகு குடிக்க வாங்குவதில் அதிகம் தவறுவது இங்கேதான். அமரோனேயை இனிப்புப் பலகாரத்தோடு வைப்பார்கள். பலகாரத்தின் இனிப்பு ஒயினைக் கசக்க வைத்துவிடும். ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு மூன்று தேர்வுகள்.

ரெச்சோட்டோ தெல்லா வால்போலிச்செல்லா: அமரோனேயின் அதே பழம், அதே பரண், இன்னும் சில வாரம் கூடுதல் வாட்டம். பெயர் ‘ரெச்சா’ என்ற வெரோனா வழக்குச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குக் காது என்று பொருள். குலையின் தோள்பட்டையில் இருபுறமும் காதுபோல் தள்ளி நிற்கும் சிறு கிளைகளுக்கு வெயில் கூடுதல், இனிப்பும் கூடுதல். பழைய ரெச்சோட்டோ அவற்றை மட்டும் எடுத்துச் செய்தது. குளிரூட்டியும் வடித்தெடுத்தும் நொதித்தலை நிறுத்தி, லிட்டருக்கு 50 கிராமிலிருந்து, பல பாட்டில்களில் 100-க்கும் மேல் சர்க்கரையை விட்டுவைக்கிறார்கள். ஆல்கஹால் 12, 13 விழுக்காட்டில் நின்றுவிடுவதால் அமரோனேயைவிடத் தொண்டைக்கு இதம். செர்ரி, பிளம், கறுப்புச் சாக்லேட். 70 விழுக்காடு கொக்கோவுள்ள சாக்லேட்டோடு பொருந்தும் சிவப்பு ஒயின்கள் மிகக் குறைவு. அவற்றில் இதுவே முதலிடம். உலகம் அமரோனேயைத் தேடிப் போனதால் ரெச்சோட்டோ இன்று கொஞ்சமே செய்யப்படுகிறது. நொதித்தல் சரியாக நிறுத்தப்படாவிட்டால் பாட்டிலுக்குள் மறுபடி கிளம்பும். திறக்கும்போது நாக்கில் குமிழ் சுரீரென்றால், லேபிளில் ‘ஸ்புமான்டே’ (குமிழ் ஒயின்) என்று போட்டிருக்கவில்லையென்றால், அது குறை.

மொந்தெஃபால்கோ சாக்ரந்தீனோ பாஸிட்டோ: நடு இத்தாலியில் உம்ப்ரியாவின் மொந்தெஃபால்கோ, பெவாஞ்ஞா சுற்றுவட்டாரத்துக்கே உரிய சாக்ரந்தீனோ என்ற ஒரே பழம். துவர்ப்பில் இத்தாலியப் பழங்களின் உச்சம். தோலிலும் கொட்டையிலும் துவர்ப்புத் தரும் பாலிஃபீனால் அவ்வளவு. அந்தத் துவர்ப்பைக் குடிக்கத் தகுந்ததாக்கவே பழைய காலத்தில் பழத்தை வாடவைத்து இனிப்பாகச் செய்தார்கள். இனிப்பில்லாத சாக்ரந்தீனோ பரவியது 1970-களுக்குப் பிறகுதான். இன்று கடையில் பெரும்பாலும் இருப்பது அந்த இனிப்பில்லாத வகை. அது வாடிய பழமல்ல. வாடவைத்தது என்று பொருள்படும் ‘பாஸிட்டோ’ என்ற சொல் லேபிளில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால் இனிப்பை எதிர்பார்த்து வாய் முழுக்கத் துவர்ப்போடு நிற்பீர்கள். பாஸிட்டோவுக்குக் குறைந்தது இரண்டு மாத வாட்டம். சர்க்கரை 80 கிராமுக்கு மேல். மூன்று ஆண்டுக்கு மேல் முதிர்வு. இனிப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் திகட்டாது. உம்ப்ரியாவில் ஈஸ்டர் ஆட்டுக்கறியோடு இதைக் குடிக்கும் பழக்கம் உண்டு. பழுத்த செம்மறிப் பால் சீஸோடும் எடுபடும். மூன்றில் நீண்ட ஆயுளும் இதற்கே.

அலியாட்டிகோ பாஸிட்டோ தெல் எல்பா: நெப்போலியன் 1814-இல் அனுப்பிவைக்கப்பட்ட அதே எல்பா தீவு. இங்கே பழத்தை வெயிலிலும் காற்றிலும் குறைந்தது பத்து நாள் வாடவைக்கிறார்கள். அலியாட்டிகோ பன்னீர் வாசமுள்ள பழம். ஒயினும் ரோஜாவும் ஸ்ட்ராபெரியுமாக மணக்கும். துவர்ப்பு மெலிது. இனிப்பு ஒயினுக்குப் புதியவருக்கு இதுதான் எளிதான வாசல். அதிக நாள் வைக்க வேண்டியதில்லை.

ஒன்பது யூரோ பாட்டில்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘அப்பாஸிமென்டோ’ என்றே பெயராகப் போட்டு, தென்னித்தாலியின் புல்யாவிலிருந்து வரும் ஒயின்கள். பழம் பெரும்பாலும் ப்ரிமிடீவோ, நெக்ரோஅமாரோ, சிலவற்றில் மெர்லோ. தெற்கு வெயிலில் கொடியிலேயே பழத்தைச் சற்று வாடவிடுவதோ, கொடியின் கிளையை வெட்டிவிட்டுக் குலையை இரண்டு வாரம் அங்கேயே தொங்கவிடுவதோ, ஒரு பகுதிப் பழத்தை மட்டும் வாடவைத்துச் சேர்ப்பதோ வழி. பரண் இல்லை, குளிர்காலம் இல்லை. லிட்டருக்குப் பத்து கிராமைத் தாண்டிச் சர்க்கரை இருப்பது சகஜம். நல்ல அமரோனே பலவற்றில் அதில் பாதிதான். இனிப்பு இருக்கிறது என்று லேபிளில் எழுதியிருக்காது.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வாட்டம் நடந்ததுதான். ஆனால் ‘சின்ன அமரோனே’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். வேறு பழம், வேறு முறை, வேறு சுவை. பார்பெக்யூ சாஸ் பூசிச் சுட்ட கறிக்கு, ஒயின் பழகாத விருந்தினருக்கு, வாங்கிய ஆண்டே திறக்க, நன்றாகவே பொருந்தும். அதே நிலத்தில் உண்மையான மரபு ஒயின் வேண்டுமென்றால் ‘ப்ரிமிடீவோ தி மந்தூரியா தோல்ச்சே நச்சுராலே’ என்று கேளுங்கள். அது ஒளிக்காமல் இனிக்கும்.

சாப்பாடும் பரிமாறலும்

கொதிக்கவைத்து வற்றிய, எலும்புச் சாறு இறங்கிய இறைச்சி வகை எல்லாம் அமரோனேக்கு. வெரோனாக்காரர்கள் அமரோனேயிலேயே மாட்டுக்கறியை வேகவைப்பார்கள். அமரோனே ஊற்றிய ரிஸோட்டோவும் அங்கே வழக்கம். (சமைக்க விலையுயர்ந்த பாட்டிலை ஊற்ற வேண்டியதில்லை, ரிபாஸோ போதும், யாருக்கும் தெரியாது.) முதிர்ந்த மொந்தே வெரோனேஸே அல்லது பார்மிஜானோ சீஸ் இன்னும் எளிய துணை. ஸ்ஃபுர்சாத்துக்கு வால்தெல்லீனாவின் பித்ஸோக்கேரி மாதிரி வெண்ணெயும் சீஸும் நிறைந்த உணவு, வேட்டை இறைச்சி. ரிபாஸோ பாஸ்தா, வறுத்த கோழி, பன்றி எதற்கும் ஒத்துப்போகும்.

மிளகாய்க் காரத்தோடு அமரோனே வேண்டாம். 15 விழுக்காட்டைத் தாண்டிய ஆல்கஹால் காரத்தை இரட்டிப்பாக்கி எரிக்கும். துவர்ப்பும் கூடித் தெரியும். காரமான கறிதான் மேசையில் என்றால் இந்த வகையில் ஓரளவு சமாளிப்பது ரெச்சோட்டோவின் இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும். மிளகுக் காரம் அவ்வளவு பகையில்லை.

சூடுதான் பலர் கெடுத்துக்கொள்வது. 26 டிகிரி அறையில் நின்ற அமரோனேயைத் திறந்தால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். குடிக்க வேண்டியது 16 முதல் 18 டிகிரியில். வெப்ப நாட்டில் ஃபிரிட்ஜில் முக்கால் மணிநேரம் வைத்து எடுங்கள். ரெச்சோட்டோவும் எல்பாவின் அலியாட்டிகோவும் இன்னும் குளிர்ச்சியாக, 12 முதல் 14. பத்து ஆண்டுக்குள் உள்ள அமரோனேயையும் ஸ்ஃபுர்சாத்தையும் அகன்ற குடுவையில் ஒரு மணிநேரம் ஊற்றிவைத்தால் திறந்துகொள்ளும். இருபது ஆண்டைத் தாண்டிய பாட்டிலுக்கு அது வேண்டாம். முதல் நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றினால் போதும்.

திறந்து மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ரிபாஸோ இரண்டு மூன்று நாள், அமரோனே நான்கு நாள், இனிப்பு வகைகள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். அமரோனே இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருப்பது அபூர்வமல்ல. ஆகவே இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் விருந்துக்கு முந்தின இரவே திறந்து, ஆளுக்கு அரை கிளாஸ் பார்த்துவிட்டு மூடிவைக்கலாம்.